தலையணை வைத்த பாறை

"பாறையில் இடிக்காமல் படகு ஓட்டுவது எப்படி, டீச்சர்?"

பிலோமினா கேட்டாள்.

டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தாள். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ரப்பர் படகின் மேல், ஹெல்மெட்டை முகத்தில் மூடிக்கொண்டு, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு முடித்தவளைப் போல.

பிலோமினா மறுபடி கேட்டாள். இந்தத் தடவை கொஞ்சம் உரக்க. அவள் கொஞ்சம் உரக்கப் பேசினால் அவள் தெருவில் மீன்காரர் வண்டியை நிறுத்திவிடுவார்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இடிக்காமப் போகணும்னா பஸ்ல போகணும்க்கா."

*

மலையிலிருந்து இறங்கி வருகிற தும்பியாற்றுக்கு ஓரிடத்தில் பொறுமை போய்விடும். அதுவரை சமர்த்தாக வந்த தண்ணீர் அங்கே பாறைகளுக்கு நடுவே முண்டியடித்து, ஒன்றையொன்று தள்ளி, வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு இறங்கும். ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டது என்று யாரோ சொன்ன மாதிரி.

அதைப் பாய்ச்சல் என்பார்கள். அதில் படகு விடக் கற்றுக்கொள்ள அந்த டீச்சர் காத்தாயியிடம் வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

பிலோமினா கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள். டீச்சர் என்றால் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, காற்றில்கூட அசையாத தலைமுக்காடு, எழுந்து நின்று சொல்ல வேண்டிய குட்மார்னிங். இந்த டீச்சரோ அவளுடைய மூத்த மகள் வயசு. அரை டிராயர், வெயிலில் கறுத்த முழங்கால், சட்டைப்பை நிறைய வறுத்த வேர்க்கடலை. கேள்வி கேட்டால் தூங்குகிறது.

எழுந்து போய்விடலாம். ஆனால் வேறு வழியில்லை.

வேறு வழியில்லாததற்குக் காரணம், புங்கமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அவள் புருஷன் லூர்துசாமி. ஒரு காலத்தில் பெரிய பேச்சுக்காரர். கல்யாண வீட்டில் அவரைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொள்வார்கள்.

போன வருஷம் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை தொங்கிப்போயிற்று. வலது கால் இழுத்துக்கொண்டு நடந்தது. பேச்சு மொத்தமும் போய், ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் நின்றது.

"போலாம்."

காபி வேணுமா என்றால் போலாம். கால் வலிக்குதா என்றால் போலாம். டாக்டர் பெயரைக் கேட்டார். போலாம்.

பிலோமினாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்கவே பிடிக்கவில்லை. ஏனென்றால் அது அவருடைய வார்த்தையே இல்லை. அவளுடையது. மாதாகோவிலில் பூசை முடிவதற்கு முன்னாலேயே 'போலாமா?' என்பாள். கல்யாண வீட்டில் பாயசம் வருவதற்கு முன்னால் 'போலாம், போலாம்' என்று அவர் சட்டையை இழுப்பாள். இத்தனை வருஷம் அவர் காதில் போட்டு வைத்தது, இப்போது அவர் வாய்வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

*

அவரிடம் ஒரு கதை இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால், தும்பியாற்றுக்குப் பாலம் கட்டுகிற வேலையில் அவர் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு லாரி டியூப்களைச் சேர்த்துக் கட்டி அந்தப் பாய்ச்சலில் இறங்கினாராம்.

"அந்தப் பெரிய பாறைகிட்ட வந்தோம் பாரு, பிலோ..." என்று ஆரம்பிப்பார்.

அப்போது குக்கர் விசிலடிக்கும். அல்லது அரிசி ஊறப்போட வேண்டியிருக்கும். அல்லது மாவு அரைக்கிற மிஷினில் கரண்ட் போவதற்குள் போக வேண்டும்.

"பாறைகிட்டயே இருங்க, வந்துடறேன்" என்று எழுந்து போவாள். திரும்பி வந்ததில்லை.

பாறைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. இப்போது கேட்கலாம் என்றால் அவரால் சொல்ல முடியாது.

ஒருநாள் சாயங்காலம் டிவியில் ஏதோ ஒரு ஆறு. நுரைக்கு நடுவே ஒரு சின்னப் படகு. லூர்துசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போலாம்" என்றார்.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தை அது இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

*

ஆற்றங்கரையில் படகு விடுகிறவர்கள் எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினார்கள்.

காத்தாயியும் பார்த்தாள். வேர்க்கடலையை மென்றுகொண்டே.

"என் படகுல ஏறணும்னா ரெண்டு கையும் வேணும்க்கா. கயிறு பிடிக்கணும். அது என் சட்டம்."

"அப்ப ஒரு கை உள்ளவரு யார் படகுல ஏறுவாரு?"

"அவங்கவங்க படகு, அவங்கவங்க சட்டம்."

பிலோமினா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"சரி. அப்ப எனக்குப் படகு விடக் கத்துக்கொடுங்க."

காத்தாயி மெல்லுவதை நிறுத்தினாள்.

"எதுக்குக்கா? ஆசைக்கா, கோபத்துக்கா?"

"ரெண்டும்தான்."

"நீச்சல்?"

"எங்க ஊர்க் கிணத்துல நான் குதிச்சா பாதித் தண்ணி வெளிய வரும்."

டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"மழைத் தண்ணி இறங்கறதுக்குள்ள கத்துக்கணும். தண்ணி இறங்கிட்டா பாறையெல்லாம் பல்லைக் காட்டும். அப்புறம் அடுத்த மழைதான்."

அடுத்த மழை. பிலோமினா புங்கமரத்தடியைப் பார்த்தாள். அடுத்த மழைவரைக்கும் எதையும் தள்ளிப் போடக்கூடாது என்று போன வருஷம்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

*

இப்படி வந்து சேர்ந்தவள்தான் பாறையில் இடிக்காமல் போவது எப்படி என்று கேட்டது.

டீச்சர் ஹெல்மெட்டை முகத்திலிருந்து எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். சின்னப் படகு ஒன்றைத் தண்ணீரில் இறக்கினாள். கரையோரம், முழங்கால் ஆழத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடுகிற தண்ணீரில், எருமைக்கன்று அளவுக்கு ஒரு பாறை இருந்தது. படகுக்கு நீளமாகக் கயிறு கட்டித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏறுங்க. அதுல போய் மோதுங்க."

"நான் கேட்டது மோதாமப் போறதுக்கு."

"நான் சொல்றது மோதறதுக்கு."

பிலோமினா ஏறினாள். படகு பக்கவாட்டில் போய்ப் பாறையில் மோதியது. பாறையைப் பார்த்ததும் அவள் உடம்பு தானாக எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கத்து ரப்பர் தண்ணீரில் அமுங்கியது. ஆறு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. படகு கவிழ்ந்தது.

தலையில் பாசியோடு எழுந்து நின்றாள்.

"மறுபடியும்" என்றாள் டீச்சர்.

மறுபடியும் மோதினாள். மறுபடியும் சாய்ந்தாள். மறுபடியும் குளித்தாள்.

"என்ன தப்புன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"மறுபடியும்க்கா."

"இதுக்கு நான் வீட்லயே துணி அலசியிருப்பேன்."

"அதான் அலசுறீங்களே."

காலை முழுக்க இதே. கரையில் வேர்க்கடலைத் தோல் குவிந்தது. புங்கமரத்தடியில் லூர்துசாமி தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அதற்காகவாவது இன்னும் இரண்டு தடவை கவிழலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை முகத்தில் காட்டவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. கைகால் ஓய்ந்துவிட்டது. கோபம்கூட ஓய்ந்துவிட்டது. படகு மறுபடி பாறையை நோக்கிப் போனபோது, விலகிக்கொள்ளக்கூட அவளிடம் தெம்பு இல்லை. போய் அப்படியே பாறைமேல் சாய்ந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தோளில் தூங்கி விழுவோமே, அப்படி.

கன்னத்தில் பாறை வெதுவெதுப்பாக இருந்தது.

படகு கவிழவில்லை.

தண்ணீர் பாறையில் முட்டி, பின்வாங்கி, மெத்தென்று எழும்பி, படகைத் தாங்கிப் பிடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தது. பிறகு மெல்லப் பாறையைச் சுற்றித் திருப்பி விட்டது, குழந்தையைத் திருப்பிப் படுக்க வைப்பது போல.

பிலோமினா கண்ணைத் திறந்தாள்.

"இது என்ன மெத்துமெத்துன்னு?"

"தலையணை" என்றாள் டீச்சர். "நல்ல பாறை முன்னாடி தலையணை வெச்சிருக்கும். பின்னாடி மடி வெச்சிருக்கும்."

"கெட்ட பாறை?"

"தலையணை இருக்காது. தண்ணி சத்தமில்லாம அடியில பூந்து போகும். அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டினாள்.

*

பாய்ச்சலின் நடுவில் நிற்கிற பெரிய பாறைக்கு ஒரு பெயர் இருந்தது. கரையில் நடந்து போய்ப் பார்த்தபோது டீச்சர் அதைச் சொன்னாள்.

"மாமியார்."

பிலோமினா நின்றுவிட்டாள்.

லூர்துசாமி அந்தக் கதையை ஆரம்பிக்கும்போது பல தடவை "மாமியாரைச் சமாளிச்சோம் பாரு" என்பார். எங்க அம்மாவையா சொல்றீங்க என்று அவள் சண்டைக்குப் போவாள். பாதி தடவை கதை அங்கேயே முடிந்து போனது குக்கரால் அல்ல.

பாறையைப் பார்த்தாள். கோவில் யானையைவிடப் பெரியது. கறுப்பு. அதன் நெற்றியில் ஆறு முழுசும் வந்து முட்டி, வெள்ளைத் தலையணையாக உப்பி நின்றது.

"தலையணை இருக்கு" என்றாள்.

"இருக்கு."

"இவளைத் தாண்டி அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வேர்க்கடலையை உடைத்து, உள்ளே இருந்த இரண்டு பருப்பில் ஒன்றை அவள் கையில் வைத்தாள்.

பிலோமினாவுக்கு எரிச்சல் வந்தது. பருப்பைத் தின்றாள்.

*

மறுநாள் இன்னொரு படகு. இருவர் உட்காருகிற படகு. சின்னப் பாய்ச்சல் ஒன்றில் பழக்கம்.

டீச்சர் வலது கையைத் துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முன்னால், இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"நான்தான் மாமா. நீங்க ஓட்டுங்க."

பிலோமினா பின்னால் துடுப்போடு உட்கார்ந்தாள். படகு நகர்ந்தது. அவள் வாயும் நகர்ந்தது.

"பாத்து! இடது பக்கம் கல்லு! சாயாதீங்க! அய்யோ அங்க சாயுங்க! கயித்தைப் பிடிங்கன்னா! என்ன இது, சொன்னாக் கேக்கறதே இல்ல..."

படகு மூன்று சுற்று சுற்றிப் புதரில் போய்ச் செருகிக்கொண்டது.

டீச்சர் தலைமுடியிலிருந்து இலையை எடுத்தாள்.

"மாமா பயந்துட்டாருக்கா."

"ஆத்தைப் பாத்தா?"

"உங்களைப் பாத்து."

பிலோமினா வாயைத் திறந்தாள். டீச்சர் ஆற்றிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி நீட்டினாள்.

"வாயில வெச்சுக்குங்க. முழுங்கக் கூடாது. கீழ போய்த் துப்புங்க."

"இதென்ன கூத்து? சொல்லாம எப்படி..."

"வெச்சுக்குங்கக்கா."

வாய் நிறையத் தண்ணீரோடு பிலோமினா படகில் உட்கார்ந்தாள். கன்னம் இரண்டும் உப்பி, பல்வலிக்காரியைப் போல. ஆறு நகர்ந்தது.

கொஞ்ச தூரத்தில் அவளுக்கு ஒரு வசவு வந்தது. வெளியே விட முடியவில்லை. அது வாயிலேயே ஊறிக் கரைந்தது.

அப்புறம் ஒரு உத்தரவு வந்தது. அதுவும் கரைந்தது.

அப்புறம் எதுவும் வரவில்லை. ஆற்றின் சத்தம் மட்டும். அது ஒரே சத்தம் இல்லை என்று அப்போதுதான் கேட்டது. கல் மேல் வழிகிற தண்ணீருக்கு ஒரு சத்தம். பள்ளத்தில் விழுகிற தண்ணீருக்கு ஒன்று. தலையணையின் சத்தம் தனி. தாழ்ந்த, மூக்கடைத்த, தூக்கக் கலக்கத்தில் யாரோ 'ம்' கொட்டுகிற சத்தம்.

அந்த 'ம்' எங்கே கேட்டதோ அந்தப் பக்கம் துடுப்பைப் போட்டாள்.

முன்னால் உட்கார்ந்திருந்த டீச்சரின் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. தூங்கிவிட்டாள்.

கீழே போய்த் துப்பவேண்டும் என்பதே பிலோமினாவுக்கு மறந்துவிட்டது. டீச்சர் கண்விழித்துப் பார்த்தபோது அவள் இன்னும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துப்புங்கக்கா. மீன் வளக்கப் போறீங்களா?"

*

அன்று மத்தியானம் தங்கியிருந்த அறையில் கண்ணயர்ந்தாள்.

கனவில் அவள் வீட்டுச் சமையலறை. நடுவில் ஆறு ஓடுகிறது. கடுகு டப்பாவும் கரண்டியும் மிதந்து போகின்றன. அடுப்புக்குப் பக்கத்தில் மாமியார்ப் பாறை காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

"அரிசி ஊறப்போட்டியா?" என்று பாறை கேட்கிறது.

"போட்டுட்டேன்."

"அப்ப உக்காரு."

லூர்துசாமி பாறைமேல் சாய்ந்துகொண்டு கதை சொல்கிறார். இளவயசு மீசை. உதடு அசைகிறது. குக்கர் விசிலடிக்கிறது. அவள் எழுந்து போய் அடுப்பை அணைக்கிறாள். விசில் நிற்கவில்லை. குக்கரைத் தூக்கி ஆற்றில் போடுகிறாள். அது மிதந்துகொண்டே விசிலடிக்கிறது. அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது.

விழித்துக்கொண்டாள்.

லூர்துசாமி ஜன்னலோரம் நின்றிருந்தார். வெளியே ஆறு. கரையில் நேற்று நனைந்திருந்த கற்கள் இன்று காய்ந்து வெளுத்திருந்தன.

தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது.

"போலாம்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

*

காலையில் பிலோமினா தன் பழைய நூல்புடவை ஒன்றை நீளமாகக் கிழித்துக் கொண்டு வந்தாள். புருஷனைப் படகில் உட்காரவைத்தாள். ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தாள். லைஃப் ஜாக்கெட் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு புடவைத் துணியை அவர் இடுப்பில் சுற்றிப் படகுக் கயிற்றோடு முடிச்சுப் போட்டாள். கோணிமூட்டைக்குப் போடுகிற முடிச்சு.

டீச்சர் பார்த்துக்கொண்டே வந்தாள். தன் லைஃப் ஜாக்கெட்டின் தோளில் செருகியிருந்த சின்னக் கத்தியை எடுத்தாள். துணியை அறுத்தாள்.

"என்ன பண்றீங்க? அவருக்கு ஒரு கைதான்!"

"படகு கவுந்தா அவரும் அதோட கவுந்து போவாரு. ஆளைக் கட்டக் கூடாதுக்கா."

"விழுந்துட்டா?"

"விழுந்தா மிதப்பாரு. நான் கீழ நிப்பேன்."

"அவரு என் கையை விட்டுப் போயிட்டா?"

டீச்சர் அறுந்த துணியை மடித்து பிலோமினாவின் மடியில் வைத்தாள். லூர்துசாமியின் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் கயிற்றில் ஒரு வளையம் போட்டாள். அவர் இடது பாதத்தைப் படகின் அடிமடிப்பில் லேசாகச் செருகிவிட்டாள், உருவினால் வந்துவிடுகிற மாதிரி.

"மாமா, பயமா?"

"போலாம்" என்றார் லூர்துசாமி.

டீச்சர் தன் ஒற்றையாள் படகில் ஏறி, மீன்கொத்தி மாதிரி முன்னால் பறந்து போய், பாய்ச்சலின் அடிவாரத்தில், விழுந்தவர்களுக்கு வீசுகிற கயிற்றுப் பையோடு காத்து நின்றாள்.

பிலோமினா ஆற்றைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவை வாய் முழுக்க வந்து நின்றன. வளையத்தை விடாதீங்க. அசையாதீங்க. நான் சொன்னதும் சாயுங்க. ஜெபம் சொல்லுங்க. சட்டைப் பட்டன் போட்டீங்களா?

குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துக்கொண்டாள்.

படகைத் தள்ளினாள்.

*

முதலில் பனி. ஆற்றின் மேல் காலைப் பனி ஆவியாக எழுந்து கொண்டிருந்தது. படகு அதற்குள் போனபோது கரை காணாமல் போயிற்று. மரங்கள் மிதந்தன. லூர்துசாமியின் முதுகு மட்டும் முன்னால் இருந்தது, ஆரஞ்சு நிறத்தில், ஒரு விளக்கு மாதிரி.

பிறகு ஆறு சாய்ந்தது.

தண்ணீர் தூக்கிப் போட்டது, ஏந்திக்கொண்டது. முகத்தில் அறைந்தது, துடைத்துவிட்டது. துடுப்பு அவள் கையில் இருந்ததா அவள் துடுப்பின் கையில் இருந்தாளா தெரியவில்லை. எல்லாம் வேகம். ஆனால் உள்ளே எதுவோ மெதுவாக, மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு நுரையும் தனித்தனியாக வெடிப்பது தெரிந்தது.

அப்புறம் 'ம்' கேட்டது.

தாழ்ந்த குரல். மூக்கடைத்த குரல். அதை நோக்கித் துடுப்பைப் போட்டாள். ஓர் அலை குறுக்கே வந்து படகின் மூக்கை வலது பக்கம் திருப்பிவிட்டது. படகு குறுக்காக நின்றது. குறுக்காகவே போயிற்று.

மாமியார் வந்தாள். வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு வந்தாள். லூர்துசாமி உட்கார்ந்திருக்கிற பக்கமாக.

அவரை இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். பாறையிடமிருந்து, தன் பக்கம். அவள் கை நீண்டுவிட்டது. லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்தும்விட்டது. ஒரு இழுப்பு. அவ்வளவுதான். இத்தனை வருஷமும் பிடித்து இழுத்துப் பழகின கை.

விட்டாள்.

விட்டுவிட்டு, தன் முழு உடம்பையும் பாறையின் மேல் போட்டாள்.

கன்னம் பாறையில் பட்டபோது பார்த்தாள். லூர்துசாமி அவளுக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். வளையத்தை விட்டுவிட்டு, இடது கையை அகல விரித்து, பாறையை அணைத்துக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு. ரொம்ப நாள் கழித்துப் பார்த்த சொந்தக்காரரைக் கட்டிக்கொண்ட மாதிரி.

இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் பாறை.

அவருக்கு இது தெரிந்திருந்தது. எப்போதோ தெரிந்திருந்தது. சொல்லத்தான் வந்தார், ஒவ்வொரு தடவையும்.

தலையணை உப்பி எழுந்தது. படகைத் தாங்கியது. ஒரு மூச்சு வைத்திருந்தது. பிறகு மெல்லத் திருப்பியது.

பிலோமினாவின் வாயிலிருந்த தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

*

சத்தம் நின்றுபோயிற்று.

நிற்கவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இரண்டு பக்கமும் ஆறு வெள்ளைச் சுவராக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில், பாறையின் பின்னால், பச்சை நிறத்தில் ஒரு தண்ணீர். கண்ணாடி மாதிரி. அது கீழே ஓடவில்லை. மேல்நோக்கி, பாறையைப் பார்த்துத் திரும்பி நடந்தது. படகை மெதுவாகச் சுழற்றியது, தூளியை ஆட்டி மறந்துபோன கை மறுபடி ஞாபகம் வந்து ஆட்டுகிற மாதிரி.

பாறையின் இந்தப் பக்கம் முழுக்கப் பாசியும் பெரணியும். அதில் தும்பிகள்.

ஒன்று இரண்டு இல்லை. பாறையே இறக்கை முளைத்து மூச்சு விட்டது. சிவப்பு, நீலம், தங்கக் கம்பி மாதிரி ஒன்று. சாரலில் வெயில் பட்ட இடத்தில் எல்லாம் அவை நின்றன, பறக்காமல், விழாமல், நின்ற இடத்திலேயே.

அந்த ஆற்றுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கரையில் இருந்த யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கரையிலிருந்து பார்த்தால் தெரியாது.

லூர்துசாமி இடது கையை நீட்டினார். ஒரு தும்பி வந்து விரல் நுனியில் உட்கார்ந்தது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் சொட்டுகிற முகம். பார்த்தாயா என்று கேட்கிற முகம்.

பார்த்தாள்.

கீழே, வெகு தூரத்தில், டீச்சர் துடுப்பைத் தூக்கி ஆட்டினாள். எல்லாம் சரியா என்று கேட்கிற ஆட்டல். பிலோமினா பதிலுக்குத் துடுப்பைத் தூக்கினாள். அவர் நனைந்திருக்கிறார். சளி பிடிக்கும். மாத்திரை நேரம். கரையில் வைத்துவிட்டு வந்த பையைக் குரங்கு தூக்கிப் போயிருக்கும். இன்னும் பாதிப் பாய்ச்சல் பாக்கி.

துடுப்பைத் தண்ணீரில் வைத்தாள்.

"போலாமாங்க?"

தும்பி உட்கார்ந்திருந்த விரலை அசைக்காமல், லூர்துசாமி உதட்டைக் குவித்தார். தொண்டையில் ஏதோ தேடினார். தேடித் தேடி எடுத்தார்.

"இரு" என்றார்.